இடது பக்கம் திரும்பிய காற்றாடி

நவம்பர் 3, ஞாயிறு

நூற்று இருபது வாழ்த்து அட்டைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. யாருக்கு என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஒரு சின்னப் பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். மேட்டு விடுதிக்குப் புதிதாக வந்திருக்கிற வார்டனாம், பெயர் ஷெரின். ஏரிக்கரைக் கடையில் என் மடிப்பு அட்டைகளைப் பார்த்துவிட்டு, செய்கிறவர் யார் என்று விசாரித்து வந்திருக்கிறாள்.

"ஆன்ட்டி, எங்க மேட்ரன் ரிட்டயர் ஆகுறாங்க. டிசம்பர் பதினொண்ணு ஃபங்ஷன். ஒவ்வொரு பிள்ளையும் உள்ள ரெண்டு வரி எழுதிக் கொடுக்கணும். டிசைன் உங்க இஷ்டம்."

"எந்த மேட்ரன்?" என்று கேட்டேன், தெரியாதவள் மாதிரி.

"கிரேஸ்மணி அம்மா. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். நான்கு வருஷத்துக்கு முன் அதே கிரேஸ்மணி என்னைத் திருடி என்று சொல்லி விடுதியிலிருந்து அனுப்பினாள் என்பதைச் சொல்லவில்லை. இந்தப் பெண் பாவம், பழைய கதை எதுவும் தெரியாமல் வந்து மாட்டியிருக்கிறாள்.

ஆராதனையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொன்மலர் இன்றும் தன் கைப்பையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். நான்கு வருஷமாக இதே கூத்துதான். நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் அவள் பையை நகர்த்துவாள்.

டிசைன் என் இஷ்டம். நல்லது.

நவம்பர் 5, செவ்வாய்

மதுரையிலிருந்து காகிதம் வந்தது. ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் சந்தன நிறம். இரண்டு அங்குலச் சதுரமாக வெட்ட ஆரம்பித்திருக்கிறேன்.

என்ன டிசைன் என்று நான் யோசிக்கவே இல்லை. ஹான்னாவின் போர்வைதான்.

எழுதிவைக்கிறேன். கோபத்தில் ஒன்றிரண்டு விட்டுப்போகக் கூடாது. விடுதிச் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்தேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊரிலிருந்து ஒட்டுப்போர்வை கொண்டுவருவார்கள். துண்டுத் துணிகளைச் சதுரமும் முக்கோணமுமாக ஒட்டித் தைத்தது. அதைத் துவைப்பது எல்லோருக்கும் வேலை, கிழிந்ததைத் தைப்பது எனக்கு மட்டும் வேலை. காற்றாடி, மரவீடு, வாத்துக்கூட்டம், எட்டுமுனை நட்சத்திரம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் நானே பெயர் வைத்திருந்தேன். அந்தக் கட்டங்களைத்தான் இப்போது காகிதத்தில் மடித்துப் பிழைக்கிறேன்.

ஹான்னாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவளுடைய போர்வையில் மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று காற்றாடி. நீலமும் சந்தனமும். செத்துப்போன அவள் அம்மா தைத்தது. ஒரு மூலைக் காற்றாடி நைந்துபோய்விட்டது, கீழ் வரிசையில் இடது ஓரம். அதை முழுதாகப் பிரித்து, புதுத் துணி வெட்டி, மறுபடி பொருத்தித் தைத்தேன். தைத்து முடித்து விரித்துப் பார்த்தால் எட்டுக் காற்றாடி வலது பக்கம் சுற்றுகிறது, நான் தைத்தது மட்டும் இடது பக்கம் சுற்றுகிறது. துண்டுகளைத் திருப்பி வைத்துத் தைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருஷத்தில் என் ஒரே தப்பு.

வெட்கமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, தங்கை நகோமியிடம்கூட. காலையில் வந்து பிரித்துச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். துணி வேறு ஈரம். இஸ்திரி அறை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கிரேஸ்மணியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மாற்றுச் சாவி ஒன்று பாய்லர் அறை ஆணியில் தொங்கும், அதை யாரும் தொடுவதில்லை.

காலையில் போர்வை இல்லை. "நீ எடுத்துட்டுப் போனதைப் பாத்தவிய இருக்காவ" என்றாள் கிரேஸ்மணி. யார் என்று கேட்டால் சொல்லவில்லை. அப்படி ஒருவரும் இல்லை, அதனால்தான் சொல்லவில்லை. ஹான்னா படிக்கட்டில் நின்று, ஏன் எடுத்தீர்கள் என்று அழுதுகொண்டே கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காற்றாடி இடது பக்கம் திரும்பியிருந்தது எனக்குத் தெரியும். எனக்கு அடுத்து அந்தப் போர்வையை எடுத்தவளுக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

அதனால் நூற்று இருபது அட்டையிலும் ஒன்பது காற்றாடியையும் வலது பக்கமே சுற்றவிடப்போகிறேன். தலையணை உறை மடிப்பில்கூடக் குறை கண்டுபிடிக்கிறவள் கிரேஸ்மணி. கண்ணுக்கு முன்னால் ஒன்று மாறியிருந்தால் அவளால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. எல்லோரும் பார்க்க, "இந்த ஓரத்துல உள்ளது அந்தப் பக்கம்லா திரும்பியிருக்கும்" என்பாள். நான் கேட்பேன்: மேடம், அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். குரல் கொஞ்சம் நடுங்குகிறது. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

நவம்பர் 8, வெள்ளி

முப்பத்தாறு காற்றாடி. நான்கு அட்டை. அரிசி தீர்ந்துவிட்டது.

நவம்பர் 10, ஞாயிறு

நகோமி வழக்கம்போல் மூன்று மணிக்கு வந்தாள், தேங்காய் பன்னோடு. என்னை அனுப்பிய நாளிலிருந்து ஒரு ஞாயிறுகூட அவள் வராமல் இருந்ததில்லை. மழையோ மூடுபனியோ, பன் பொட்டலத்தைச் சேலைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவருவாள். மற்றவர்கள் என் வாசலை மறந்தபோது இவள் மட்டும்தான் வந்தாள். அவள் இன்னும் அந்தச் சலவைக்கூடத்தில்தான் இருக்கிறாள், வேறு வழியில்லை. புருஷனுக்கு முதுகு போய் வீட்டோடு கிடக்கிறான்.

மேசையில் முடித்த அட்டைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இது என்னக்கா டிசைன்?"

"தெரியலையா? ஹான்னா போர்வை."

"வேற போடக் கூடாதா? நட்சத்திரம் போடேன், அது அழகா இருக்குமே."

"மேட்ரனுக்கு இதுதான் பொருத்தம்."

பன்னைப் பிரித்து வைத்தாள், அவள் சாப்பிடவில்லை. எனக்காக அவளுக்கு இன்னும் வயிறு எரிகிறது. கூடப் பிறந்தவள் என்றால் அப்படித்தான். அந்த நாளை நினைத்தாலே அவளுக்கு முகம் வெளுத்துப்போகும், எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

அவளிடமும் என் திட்டத்தைச் சொல்லவில்லை. நல்லவள்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி. கிரேஸ்மணியின் முகத்தைப் பார்த்தே உளறிவிடுவாள்.

நவம்பர் 14, வியாழன்

நாள் முழுக்கத் தூறல். காகிதம் ஈரம் குடித்து மடிப்பு நிற்க மாட்டேன் என்கிறது. வெட்டிய சதுரங்களை அரிசிப் பானைக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறேன், அரிசி ஈரத்தை இழுத்துவிடும். ஸ்பூன் காம்பால் தேய்த்துத் தேய்த்துக் கட்டைவிரல் காய்த்துவிட்டது.

மடிப்பு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நான்கு ஓரத்தையும் நடுவுக்குக் கொண்டுவந்து விரித்தால் நான்கு இதழ் எழும். இதழை வலது பக்கம் சாய்த்தால் காற்றாடி வலது பக்கம் சுற்றும், இடது பக்கம் சாய்த்தால் இடது பக்கம். நான் ஒவ்வொரு இதழையும் சாய்க்கும்போது கிரேஸ்மணியின் விரலை மடக்குவதாக நினைத்துக்கொள்கிறேன். வேலை சீக்கிரம் ஓடுகிறது.

நவம்பர் 17, ஞாயிறு

ஆள் போதவில்லை. நகோமியை உட்காரவைத்து, இதழ் எழுப்பி வைத்த சதுரங்களோடு இருபது அட்டை கொடுத்தேன், சாய்த்து ஒட்டினால் போதும். மாதிரி அட்டையை முன்னால் வைக்கவில்லை, அதைக் கடைக்காரருக்குக் காட்டக் கொடுத்திருந்தேன், முடித்ததெல்லாம் பெட்டியில் கட்டி வைத்தாயிற்று. "மூணு வரிசை, வரிசைக்கு மூணு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். மீன் கழுவி, மசாலா அரைத்து, குழம்பு வைத்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. அவளுக்குப் பிடிக்கும்.

குழம்பை இறக்கிவிட்டு வந்து பார்த்தால், இருபது அட்டையையும் முடித்து அடுக்கி வைத்திருந்தாள். கெட்டிக்காரி. முதல் அட்டையை எடுத்துப் பார்த்தேன். கீழ் வரிசையில் இடது ஓரக் காற்றாடி இடது பக்கம் திரும்பியிருந்தது.

இரண்டாவது அட்டையிலும்.

இருபதிலும்.

"ஏன்டி இந்த ஒண்ணை மட்டும் மாத்தி மடிச்சிருக்க?"

எட்டிப் பார்த்தாள். "மாத்தியா மடிச்சேன்? அப்படித்தானக்கா இருக்கும்?"

பிறகு பன் வைத்த தட்டை எடுத்துக் கழுவப் போய்விட்டாள். நேரமாகிவிட்டது என்று குழம்பைக்கூடச் சாப்பிடாமல் கிளம்பினாள்.

நகோமிக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கைப் பழக்கம். இடது கைக்காரர்கள் மடித்தால் அப்படித்தான் வரும். மற்ற எட்டும் சரியாகத்தான் இருந்தன, ஆனால் அதையெல்லாம் கிளறிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. இருபதையும் பிய்த்தெடுத்து, வேறு காகிதத்தில் வலது பக்கம் மடித்து ஒட்டினேன். பிய்த்ததை பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன், நான் காகிதத்தை வீணாக்குகிறவள் இல்லை.

நவம்பர் 18, திங்கள்

கிரேஸ்மணியை நான் விடமாட்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

நகோமி வரவில்லை. காய்ச்சல் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். பருவம் அப்படி, ஊரில் பாதிப் பேருக்குக் காய்ச்சல்.

கசாயம் போட்டுக் கொண்டுபோகலாமா என்று நினைத்தேன். போகவில்லை, வேலை கிடக்கிறது. எழுபத்தொன்பது அட்டை முடிந்தது.

டிசம்பர் 1, ஞாயிறு

அவள் வந்தாள். மெலிந்திருக்கிறாள். அட்டைப் பக்கம் உட்காராமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நானும் கூப்பிடவில்லை.

"அக்கா, அந்தம்மா போகப்போறாங்க. போறவங்ககிட்ட என்ன இருக்கு, விட்டுடேன்."

"உனக்கென்ன? உன் பேரையா சொல்லிக் கூப்பிட்டாங்க திருடின்னு?"

பன்னைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தாள்.

அவளிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எனக்கு இந்த மாதம் யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக வருகிறது.

கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? குரல் இப்போது நடுங்கவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

நூற்று இருபது அட்டையும் போய்ச் சேர்ந்தன. ஷெரின் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாள். "முதல் அட்டையை நீங்கதான் மேட்ரன் கைல கொடுக்கணும் ஆன்ட்டி" என்றாள். நான் கேட்காமலே கர்த்தர் கொடுத்தார்.

பச்சைப் பட்டுச்சேலையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 11, புதன்

எழுத உட்கார்ந்து ஒரு மணி நேரமாகிறது.

நான்கு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கூடத்துக்குள் போனேன். வேலைக்காரர்கள் எல்லோரும் சுவர் ஓரம் நின்றார்கள். நகோமி கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் பார்த்ததும் கீழே குனிந்துகொண்டாள். கிரேஸ்மணி மாலையும் கழுத்துமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஷெரின் என் பெயரைச் சொன்னதும் கூடம் அமைதியாகிவிட்டது, அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏன் என்று புரியவில்லை.

அட்டையை நீட்டினேன். வாங்கிக்கொண்டு மூக்குக் கண்ணாடியைப் போட்டாள்.

"இது அந்தப் பிள்ள ஹான்னா போர்வைல்லா?"

"ஆமா மேடம். நல்லா பாருங்க. ஏதாவது தப்பு இருக்கா?"

விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தடவினாள். முதல் வரிசை. இரண்டாம் வரிசை. கீழ் வரிசை இடது ஓரத்துக்கு வந்தது விரல். கேள்வியை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்றேன். விரல் நிற்கவே இல்லை, அடுத்ததுக்குப் போய்விட்டது.

"தப்பு ஒண்ணும் இல்லையே. ஒம்போதும் ஒண்ணு போல இருக்கு. நீ செய்ததுல நான் என்னைக்குத் தப்பு பாத்திருக்கேன் பிள்ள?"

நான் விடவில்லை. "ஓரத்துல இருக்கறதைப் பாருங்க மேடம்."

"பாத்தாச்சு. இதைத்தானே நீ பிரிச்சுத் தச்ச? நீ தச்சு முடிச்ச பெறவு நான் அதைக் கண்ணாலயே காணலியே."

பொய் சொல்கிறவள் முகம் எனக்குத் தெரியும். அது பொய் சொல்கிற முகம் இல்லை.

அப்புறம் பிள்ளைகள் கேக் வெட்டுகிற சத்தத்தில் என்னை அருகே இழுத்துத் தாழ்ந்த குரலில் பேசினாள். "நாலு வருஷமா நீ எம்மேல பல்லக் கடிச்சிட்டு இருக்கேன்னு எனக்குத் தெரியும். கடி. ஆனா ஒண்ணத் தெரிஞ்சுக்கிட்டுக் கடி. நீ பெரிய பையோட கீழ்வாசல் வழியாப் போனதப் பாத்தேன்னு எங்கிட்ட வந்து சொன்னது ஒன் தங்கச்சி. கூடப் பொறந்தவளே சொல்லும்போது நான் என்ன செய்ய? எம் பேர வெளிய விட்டுராதீங்கன்னு கால்ல விழுந்து அழுதா. நானும் விடல. இப்பம் ஊருக்குப் போறேன், இனிமே அந்தப் பாரம் எனக்கு எதுக்கு?"

திரும்பிப் பார்த்தேன். கதவுப் பக்கத்தில் நகோமி இல்லை.

டிசம்பர் 12, வியாழன்

ஒன்றும் மடிக்கவில்லை. சமைக்கவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

பிஸ்கட் டின்னை எடுத்துக் கொட்டினேன். இருபது காற்றாடி, இருபதும் இடது பக்கம். நவம்பர் பதினேழாம் தேதி எழுதியதை எடுத்துப் படித்தேன். இடது கைக்காரி என்றால் ஒன்பதும் அல்லவா மாறியிருக்க வேண்டும். அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் இருபதையும் பிய்த்து டின்னில் மூடினேன்.

அந்த ஆணியில் தொங்கிய மாற்றுச் சாவி. திங்கட்கிழமை பாய்லர் முறை நகோமியுடையது. நான் போர்வையைப் பூட்டிவிட்டு வந்ததும் திங்கட்கிழமை சாயங்காலம்தான். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? அன்று சாயங்காலம் வாசலில் செருப்பு மாட்டும்போது, இன்னும் ஈரமாக இருக்கிறது, காலையில் காயவைக்க வேண்டும் என்று நான்தான் அவளிடம் சொன்னேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

வருவாளா என்று நினைத்தேன். மூன்று மணிக்கு வந்தாள். கையில் பன்.

மேசைமேல் இருபது காற்றாடியையும் வரிசையாக வைத்திருந்தேன். எதிரே உட்காரச் சொன்னேன். ஒரு மாதமாகப் பழகிய கேள்வியைக் கேட்டேன்.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"எதுக்கா?"

"இது இடது பக்கம் திரும்பியிருந்தது. அது நான் செஞ்ச தப்பு. சாயங்காலம் நாலு மணிக்குத் தச்சேன், நாலரைக்குப் பூட்டினேன். அதுக்கப்புறம் அதை யாரு பாத்தா?"

ஒரு காகிதக் காற்றாடியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பிறகு அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஈரமா இருக்குன்னு சொன்னல்ல. காலைல உனக்கு வேலை மிச்சமாகட்டுமேன்னு எடுத்துட்டுப் போய் பாய்லர் குழாய் மேல விரிச்சேன். சாப்பிட்டு வர்றதுக்குள்ள கருகிப்போச்சு. கையில எடுத்தா உதிருது. கருகாம மிஞ்சினது அந்த மூலை ஒண்ணுதான். அதைக் கையில வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னேன்னு எனக்கே தெரியாது. அதுல இருந்த காத்தாடி இடது பக்கமா திரும்பியிருந்துச்சு. அப்புறம் அதையும் பாய்லர்ல போட்டுட்டேன்."

"மேட்ரன்கிட்ட என்னைச் சொன்னியே?"

"காலைல ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுக் கேட்டாங்க. பயத்துல வாயில அதுதான் வந்துச்சு. உனக்குக் கைத்தொழில் இருக்கு, எங்க போனாலும் பொழச்சுக்குவ. எனக்குத் துவைக்கறதைத் தவிர என்ன தெரியும்?"

கருக்கியதை நான் மன்னித்திருப்பேன். அன்றைக்கு வந்து சொல்லியிருந்தால் நானே பழியை ஏற்றிருப்பேன், சத்தியமாக. ஆனால் அவள் என்னைக் கேட்காமல் என் பெயரை எடுத்துக் கொடுத்துவிட்டாள். கொடுத்துவிட்டு நான்கு வருஷம் பன் வாங்கி வந்தாள். அதை நானும் பாசம் என்று நினைத்துத் தின்றேன். அவளை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடிக்கவில்லை. பன் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

இன்றும் வந்தாள். வருவாள் என்று எனக்குத் தெரியும்.

ஓர் அட்டை செய்து வைத்திருந்தேன். ஒன்பது காற்றாடி, ஓரத்தில் ஒன்று மட்டும் இடது பக்கம். உள்ளே வெறும் வெள்ளை. பக்கத்தில் பேனா.

"ஷெரினுக்கு எழுது. நீ எங்கிட்ட சொன்னதை அப்படியே எழுது."

பேனாவைத் தொடவில்லை. ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நான்கு மணிக்கு எழுந்து போனாள். போகும்போது, "அடுத்த ஞாயிறும் இது இங்கதான் இருக்கும்" என்று சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறும் இருக்கும். கிரேஸ்மணிக்கு எடுத்துவைத்த பழியெல்லாம் அப்படியே என்னிடம்தான் இருக்கிறது, ஒரு பொட்டுக் குறையவில்லை.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். பொன்மலர் புதுப் பை வாங்கியிருக்கிறாள், சிவப்பு. அதையும் நகர்த்தி வைத்தாள்.

டிசம்பர் 29, ஞாயிறு

எழுதிவிட்டாள்.

முதலில் கெஞ்சினாள். "இது போனா என் வேலை போயிடும்க்கா. அவரு கிடக்குற கிடைக்கு மருந்துக்கே என் சம்பளம்தான்."

"எனக்குப் போகலையா?"

"நீ சமாளிச்சிட்டல்ல."

"சமாளிச்சேன். பக்கத்துல உக்காந்தவ பையை நகத்தி வைக்கறதைப் பாத்துக்கிட்டே நாலு வருஷம் சமாளிச்சேன். நீயும் சமாளி."

இடது கையால் பேனாவை எடுத்து, முழங்கையை மேசையில் ஊன்றி, பள்ளிக்கூடத்தில் எழுதியது மாதிரி ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். படித்துப் பார்த்தேன். "ஹான்னாவின் போர்வையை எங்கள் அக்கா எடுக்கவில்லை. நான் பாய்லரில் கருக்கிவிட்டேன். அக்கா பையோடு போனதைப் பார்த்தேன் என்று மேட்ரனிடம் சொன்னது பொய். நகோமி." ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. தன்னைக் காப்பாற்ற ஒரு வரியும் எழுதவில்லை. வேலை மிச்சமாகட்டும் என்றுதான் விரித்தேன் என்பதை எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

"தபால்ல போடறதும் போடாததும் உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜனவரி 2, வியாழன்

தபால் ஆபீஸ் வரைக்கும் நடந்து போனேன். பெட்டிக்கு முன்னால் நின்றபோது, இதைக் கிழித்துப்போட்டால் எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்ததாகப் போய்விடும் என்று தோன்றியது. போடாமல் வைத்துக்கொண்டாலும் அவள் ஆயுசுக்கும் என்னைக் கண்டு நடுங்குவாள், அது வேறு மாதிரி ருசி என்றும் தோன்றியது. இரண்டு நினைப்பையும் கொஞ்ச நேரம் அனுபவித்தேன்.

பிறகு ஹான்னா படிக்கட்டில் நின்று கேட்டது ஞாபகம் வந்தது. போட்டுவிட்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

ஷெரின் வீட்டுக்கே வந்தாள். விடுதியின் மன்னிப்புக் கடிதம், கையெழுத்தும் முத்திரையுமாக. தையல் வேலைக்குத் திரும்பி வரச் சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"நகோமி?" என்று கேட்டேன்.

"அவங்களை நேத்தோட நிறுத்திட்டாங்க ஆன்ட்டி. நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன்."

நீ ஏன் பேசினாய், அது உன் வேலை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். காபி கொடுத்து அனுப்பினேன்.

ஜனவரி 19, ஞாயிறு

ஊருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கோவில் வாசலில் நான்கு பேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான்கு வருஷம் எங்கே வைத்திருந்தார்களோ அந்தக் கைகளை. பொன்மலர் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். உட்கார்ந்ததும் பார்த்தேன், சிவப்புப் பை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. ஆராதனை முடிகிறவரை அவள் அதைத் தொடவில்லை. நான் கேட்டது இதைத்தான். இதற்காகத்தான் இத்தனை மடிப்பும்.

நகோமி கோவிலுக்கு வரவில்லை. போன ஞாயிறு வீட்டுக்கும் வரவில்லை. பேக்கரிக்காரர் சொன்னார், லாட்ஜ் ஒன்றில் துணி துவைக்கிறாளாம், ஞாயிற்றுக்கிழமையும் வேலையாம்.

மூன்று மணிக்குப் பாலை அடுப்பில் வைத்தேன். இரண்டு டம்ளர் எடுத்து வைத்து இரண்டிலும் சர்க்கரையும் போட்ட பிறகுதான் உறைத்தது. நான் செய்தது சரி. மறுபடி கேட்டாலும் அதையேதான் செய்வேன். இரண்டு காபியையும் நானே குடித்தேன்.

கதவைத் தாழ் போடாமல் சாத்தி வைத்திருந்தேன். நாலரைக்கு மூடுபனி வாசல்வரை இறங்கியது. ஐந்து மணிக்குத் தாழ் போட்டேன்.